ஆசிரியரின் வக்பு

அக்கரைப்பற்றில், எங்கள் பக்கத்தில் ஓர் ஆசிரியர் வபாத்தானால், ஜனாஸா நல்லடக்கம் முடிந்து சில நாட்களில் அவருடைய உடைமைகளைப் பிரிப்பார்கள். சாரமும் சேர்ட்டும் உறவில் வசதி குறைந்தவர்களுக்குப் போகும். குடை, கைக்கடிகாரம், சைக்கிள் என்று ஒவ்வொன்றையும் வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பார். குர்ஆனும் கிதாபுகளும் பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ சேரும். கடைசியில் அலுமாரியின் அடித்தட்டில் மிஞ்சிக் கிடப்பவை கொப்பிகள். முப்பது வருடமாக எழுதித் திருத்திய பாடக்குறிப்புகள், ரோனியோவில் அடித்த வினாத்தாள்கள், பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் இடங்களைச் சிவப்பு மையில் ஓரத்தில் குறித்து வைத்த தாள்கள். அவற்றை யாருக்குக் கொடுப்பதென்று வீட்டாருக்குத் தெரியாது. வீசவும் மனம் வராது. கறையான் பிடிக்கும் வரை அங்கேயே கிடக்கும். பிறகு பழைய பேப்பர் வாங்குபவர் வந்து தராசில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்.

ஒருவர் மரணித்ததும் அவருடைய செயல்கள் நின்றுவிடும், மூன்றைத் தவிர என்ற கருத்துள்ள நபிமொழியை அறியாதவர் நம் ஊரில் இல்லை. ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் அந்த ஹதீஸ் நிலையான தர்மத்தையும், பிறர் பயன்பெறும் அறிவையும், பெற்றோருக்காகத் துஆச் செய்யும் நல்ல பிள்ளையையும் குறிப்பிடுகிறது. முதலாவதற்காக நாங்கள் கிணறு வெட்டுகிறோம், பள்ளிவாசலுக்கு மாபிள் பதிக்கிறோம், மின்விசிறி வாங்கிக் கொடுக்கிறோம். மூன்றாவதற்காகப் பிள்ளைகளை ஓதவைத்து வளர்க்கிறோம். இரண்டாவதை மட்டும் உலமாக்களுக்கு உரியது என்று ஒதுக்கி வைத்துவிட்டோம். பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு இருபடிச் சமன்பாட்டை விளங்கவைத்தவரின் கொப்பி பிறர் பயன்பெறும் அறிவில் சேராது என்று எந்த ஆலிமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனாலும் அதைத் தராசில் போடுகிறோம்.

இந்த விஷயத்தை நான் வக்பு என்ற ஒழுங்கின் வழியாகவே யோசிக்கிறேன். உமர் (ரழி) அவர்களுக்குக் கைபரில் ஒரு நிலம் கிடைத்தது. அதைவிடப் பெறுமதியான சொத்து தனக்குக் கிடைத்ததில்லை என்று சொல்லி, அதை என்ன செய்வதென்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி வைத்து, விளைச்சலைத் தர்மமாக்கலாம் என்று வழிகாட்டப்பட்டது. அந்த நிலம் அன்றிலிருந்து விற்கப்படாது, யாருக்கும் அன்பளிப்பாகப் போகாது, வாரிசுகளுக்குப் பங்கு பிரியாது. ஏழைகள், உறவினர், வழிப்போக்கர், விருந்தாளிகள் அதன் பலனை அனுபவிப்பார்கள். அதைப் பராமரிப்பவரும் நியாயமான அளவில் அதிலிருந்து உண்ணலாம். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்தச் சம்பவத்தில் நான் அதிகம் கவனிப்பது நிபந்தனைகளின் தெளிவைத்தான். கொடுத்தவர் யார், எது கொடுக்கப்பட்டது, யார் எடுக்கலாம், எதைச் செய்யக்கூடாது, பராமரிப்பவரின் பங்கு என்ன என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. வாயால் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போவதற்கும் வக்புக்கும் உள்ள தூரம் அந்த நிபந்தனைகளில் இருக்கிறது.

இணையத்தில் கற்பித்தலுக்கான பொருட்களை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்று உலகம் பேசத் தொடங்கியபோதும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடநெறிகளை இணையத்தில் இலவசமாக வைக்கப்போவதாக 2001-இல் அறிவித்தது. அடுத்த வருடம் பாரிஸில் யுனெஸ்கோ கூட்டிய அமர்வொன்றில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. அதே 2002 டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு முதலாவது உரிமங்களை வெளியிட்டது. எழுதியவர் தன் படைப்பின் கீழ் ஒரு வரியில் அனுமதியைச் சொல்லிவிடுகிறார். என் பெயரைச் சொல்லிவிட்டு யாரும் எடுக்கலாம் என்பது ஒரு வகை. எடுத்துத் திருத்தியதையும் இதே அனுமதியோடு வெளியிட வேண்டும் என்பது இன்னொரு வகை. வியாபாரத்துக்கு மட்டும் எடுக்கக்கூடாது என்றும் சொல்லலாம். 2019 நவம்பர் 25-ஆம் திகதி யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் இதை ஒரு பரிந்துரையாகவே ஏற்றுக்கொண்டன. எடுத்து வைத்துக்கொள்ளல், பயன்படுத்தல், தன் வகுப்புக்கு ஏற்ப மாற்றல், வேறொன்றோடு சேர்த்தல், மீண்டும் பகிர்தல் ஆகிய ஐந்துக்கும் அனுமதி இருந்தால்தான் ஒரு வளத்தைத் திறந்தது என்று சொல்லலாம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களின் கணக்கு.

அப்படிப் பார்த்தால் எங்களிடம் இலவசம் நிறைய இருக்கிறது, திறந்தது குறைவாகவே இருக்கிறது. இலவசத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இலங்கையில் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்திராவிட்டால் இந்தக் கிழக்குக் கரையோரத்தில் வேளாண்மை செய்தவரின் மகனும் கடலுக்குப் போனவரின் மகளும் பல்கலைக்கழகத்தின் வாசலைக் கண்டிருக்க மாட்டார்கள். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். அவற்றைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் இப்போது தன் இணையத்தளத்திலும் வைத்திருக்கிறது. ஆசிரியர் வழிகாட்டிகளைத் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் எடுக்கலாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ மூன்று மொழிகளிலும் பாடங்களை வைத்திருக்கிறது. ஒரு புதிய ஆசிரியை மாலையில் வீட்டில் இருந்தபடி இவ்வளவையும் போனில் இறக்கிக்கொள்கிறார் என்பது என் தலைமுறை நினைத்துப் பார்த்திராத வசதி. ஆனால் பாடநூலின் முதற் பக்கங்களைத் திருப்பினால் முழுப் பதிப்புரிமையும் உடையது என்ற வரி நிற்கிறது. வாசிக்கலாம், பிரதி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஒரு படத்தை எடுத்து, கீழே இருக்கும் விளக்கத்தை மாற்றி, தன் பயிற்சித்தாளோடு சேர்த்து நாடு முழுவதற்கும் வெளியிடலாமா என்று கேட்டால் அந்த வரி இல்லை என்கிறது. பொதுமக்களின் பணத்தில், பொதுப் பள்ளிக்கூடங்களுக்காக எழுதப்பட்ட நூலுக்கு இந்த வரி பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

மாற்றும் அனுமதி எதற்கு, இருப்பதை அப்படியே படித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் தயாரான நல்ல விஞ்ஞானப் பாடங்கள் யூடியூபில் ஏராளமாக இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அவற்றைப் பார்க்கிறார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனால் அங்கே நிறை என்பது கிலோகிராமில் அளக்கப்படுவது. எங்கள் பாடநூலில் அதற்குத் திணிவு என்று பெயர். எங்களுக்கு நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை, அதை அங்கே எடை என்பார்கள். முடுக்கம் என்று கேட்டால் ஆர்முடுகல் என்று ஊகித்துக்கொள்ளலாம், ஒளிச்சேர்க்கையை ஒளித்தொகுப்பு என்று பிள்ளையே பொருத்திக்கொள்ளும். நிறை அப்படிப்பட்டதன்று. ஒரே சொல் இரண்டு கணியங்களுக்கு நிற்கிறது. அந்தக் காணொளியை இரவில் கவனமாகப் பார்த்து மனதில் பதித்த பிள்ளைதான் பரீட்சையில் பிழைவிடும், பார்க்காத பிள்ளை தப்பித்துவிடும். அந்தப் பாடத்தின் ஒலியையும் எழுத்துகளையும் மாற்ற அனுமதி இருந்தால் நம் ஆசிரியர் ஒருவர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து அதை எங்கள் பாடத்திட்டத்துக்குப் பொருத்திவிடுவார். அனுமதி இல்லாதபோது ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு வருடமும், வாயால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய பெட் என்ற திட்டம், விரலால் தொட்டு நகர்த்திப் பார்க்கும் விஞ்ஞானப் பரிசோதனைப் படங்களைச் செய்து வெளியிடுகிறது. மொழிபெயர்க்க அனுமதி கொடுத்து வைத்திருப்பதால் தன்னார்வலர்கள் அவற்றில் பலவற்றைத் தமிழுக்கும் கொண்டுவந்திருக்கிறார்கள். மின்சுற்று ஒன்றில் மின்குமிழைப் பொருத்தி, ஆளியை மூடி, ஒளிர்வதைப் பிள்ளை தானே பார்க்கலாம். ஆய்வுகூடத்தில் அம்பியர்மானி பழுதாகிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தில் இது எவ்வளவு பெரிய கொடை என்பதை விஞ்ஞானம் கற்பிப்பவர்கள் அறிவார்கள்.

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சிரோனிகா கருணாநாயக்கவும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைப் பற்றி ஆசிரியர்களிடமே ஆய்வு செய்திருக்கிறார்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமா பயிலும் பாடசாலை ஆசிரியர்களுக்குத் திறந்த வளங்களைத் தேடவும் மாற்றவும் உருவாக்கவும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கிடைத்ததை எடுத்துப் பயன்படுத்துபவர்களாக இருந்தவர்கள், மெல்ல மெல்லத் தாங்களே ஆக்கிப் பகிர்பவர்களாக மாறினார்கள். இணைய வசதிக் குறைவும், வளங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதும் தடையாக நின்றன. எனக்கு இதில் வியப்பில்லை. தன் கையால் செய்ததை இன்னொரு ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தினார் என்று அறிந்த நாளில் ஆசிரியருக்கு ஏற்படும் மாற்றத்தை நான் பக்கத்தில் இருந்து கண்டிருக்கிறேன். அவர் அதன் பிறகு கவனமாக எழுதுவார்.

இணையம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது அந்தப் பேச்சு எவ்வளவு வெறுமையானது என்று நாடே கண்டது. ஊவா மாகாணத்தின் பொஹிட்டியாவ போன்ற கிராமங்களின் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுக்குள் நடந்து, பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்து பாடத்தை இறக்கிக்கொண்ட செய்தி உலகம் முழுக்கப் போனது. இங்கே மரம் ஏறத் தேவை இருக்கவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் வாப்பா வேலைக்குக் கொண்டுபோன போன். மகரிபுக்குப் பிறகு அவர் வீட்டுக்கு வந்தால்தான் அன்றைய பாடம். டேட்டா முடிந்துவிட்டால் அடுத்த ரீலோட் வரை பொறுக்க வேண்டும். 2022-இல் மின்வெட்டு வந்தபோது அதுவும் இல்லை. அதே வருடம் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. இப்படியான காலங்களில் திறந்த வளம் எப்படி நடந்துகொள்கிறது என்பது கவனிக்க வேண்டியது. ஒருவர் இறக்கினால் போதும். பென்ட்ரைவில் ஏற்றி, மெமரி கார்டில் ஏற்றி, பள்ளிக்கூடக் கணினியில் வைத்து நூறு பேருக்குக் கொடுக்கலாம். யாரிடமும் கேட்கத் தேவையில்லை. தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற மென்பொருளின் உதவியால் இணையம் இல்லாத கணினியில் திறந்து வாசிக்கலாம். 2003-இல் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தை ஆரம்ப நாட்களில் தனியாளாக நின்று வளர்த்தவர் அமீரகத்தில் வேலை செய்த இலங்கைத் தமிழர், கட்டடக் கலைஞர் மயூரநாதன் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும். வளைகுடாவில் உழைக்கும் தகப்பன்மார் நிறைந்த ஊர் இது.

இனி, சொல்லக் கசப்பான ஒன்று. பகிர்தல் என்ற பெயரில் நடக்கும் எல்லாம் கொடை ஆகாது. வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஓடும் பிடிஎப்களில் பாதி, உயிரோடு இருக்கும் ஒருவர் கடன்பட்டு அச்சடித்த வழிகாட்டி நூலைப் போன் கொண்டு படம்பிடித்தவை. விற்றால்தான் அடுத்த பதிப்பு என்று நம்பி இருப்பவரின் நூல், வெளியான கிழமையே எல்லோர் போனிலும் இருக்கிறது. அனுப்பியவர் நன்மை செய்ததாக நினைக்கிறார். தனக்குச் சொந்தமில்லாத காணியை வக்பு செய்ய ஒருவருக்கு உரிமை இல்லை என்பதை எந்த மத்ரஸாப் பிள்ளையும் சொல்லும். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சில சமயம் அவரே மனமுவந்து தந்திருப்பார்.

இன்னொன்றையும் பல தடவை கண்டிருக்கிறேன். டியூட் என்று நாங்கள் சொல்லும் டியூஷன் வகுப்புத் தாள் ஒன்றின் மேல் ஓரத்தில் இருந்த ஆசிரியரின் பெயரை வெட்டிவிட்டு, வேறொரு வகுப்பின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பக்கத்தின் குறுக்கே பெரிய எழுத்தில் பதித்து அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுப் பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருமுறை அப்படியான ஒரு தாளைக் கொண்டுவந்து, தன் விடை ஏன் பொருந்தவில்லை என்று கேட்டது. கணக்கைச் செய்து பார்த்தேன், பிள்ளையின் விடையில் பிழை இல்லை. தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குறுக்கே ஓடிய சாம்பல் நிற எழுத்தொன்றின் காலுக்குள் ஒரு கழித்தல் குறி மறைந்து போயிருந்தது. மூல வினா யாருடையது, அவரிடம் கேட்டுத் திருத்தலாமா என்றால் பெயர் இல்லை. எத்தனை ஊர்களில், எத்தனை பிள்ளைகள் அன்றிரவு தங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டினார்களோ.

ஹதீஸ்களைத் தொகுத்தவர்கள் ஸனத் இல்லாத ஒன்றை ஏற்கவில்லை. யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலி நீண்டு மூலத்தைத் தொட வேண்டும். நடுவில் ஒரு பெயர் விடுபட்டால் அந்த அறிவிப்பு பலவீனமாகிவிடும். இந்தப் பண்பாட்டில் வளர்ந்த நாங்கள், கணித வினாவை எழுதியவரின் பெயரை வெட்டி எறிவது எப்படிச் சரியாகும்? திறந்த உரிமங்கள் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பது புகழுக்காக மட்டுமில்லை. பிழை கண்டால் போய்ச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். திருத்தியவர் பெயரும் அதில் சேர வேண்டும், எதைத் திருத்தினார் என்றும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு பயிற்சித்தாள் பத்து வருடத்தில் பத்து ஆசிரியர்களின் கவனத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு நல்ல தாளாகும்.

டியூஷன் வகுப்பு நடத்தும் இளைஞர்கள் என்னிடம் நேராகவே கேட்கிறார்கள்: "சேர், டியூட்டை எல்லாருக்கும் விட்டுட்டா எங்கட வருமானம் என்ன ஆகும்?" நேர்மையான கேள்வி. பட்டம் முடித்து வேலை வாய்ப்புக்குக் காத்திருக்கும் தம்பிக்கு அந்த வகுப்புதான் வீட்டுச் செலவு. அவரிடம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நில் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கைபர் நிலத்தின் நிபந்தனைகளில் பராமரிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம் என்று ஒரு வரி இருப்பதை அவருக்கு நினைவுபடுத்துவேன். பிள்ளை காசு கொடுப்பது தாளுக்கில்லை. முன்னால் நின்று, முகத்தைப் பார்த்து, எங்கே விளங்கவில்லை என்று கண்டுபிடித்துச் சொல்லும் மனிதருக்குத்தான் கொடுக்கிறது. அந்த உழைப்புக்குக் கூலி வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை. போன வருடத்து டியூட்டைப் பெயரோடு திறந்துவிட்டால், காசு கொடுக்க வழியில்லாமல் வகுப்புக்கு வராத பிள்ளையின் கையிலும் அது சேரும். நல்ல ஆசிரியரின் வகுப்பு அதனால் காலியாகி நான் கண்டதில்லை. நாட்டின் காசில் முதலாம் தரத்திலிருந்து பட்டம் வரை படித்த ஒருவருக்கு, அப்படிப் பெற்ற அறிவில் ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுக்கும் கடமை உண்டு என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படிப்புக்காகப் பொதுவில் கொடுப்பது இந்த மண்ணில் புதிய பேச்சு இல்லை. 1942-இல் உலகப் போர்க்கால உணவு உற்பத்தியைக் கவனிக்கக் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ், யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது இலங்கை முஸ்லிம். நெல்லைப் பெருக்க வந்தவர் இங்கே பிள்ளைகள் படிக்க வழியில்லாமல் இருப்பதைக் கண்டு கல்முனையில் ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரின் தொடர்பு அவருக்கு இங்கேதான் கிடைத்தது. ஒரு துறவியும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அங்கே தொடங்கிய எண்ணம் 1945-இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. அதில் உதவி பெற்றுப் படித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று டாக்டர்களாகவும் பொறியியலாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். அன்று தட்டுப்பாடு பணத்துக்கு. அதனால் பணத்தைச் சேர்த்தார்கள். இன்று தட்டுப்பாடு தமிழ்மொழி மூலத்தில் நம்பிப் படிக்கக்கூடிய நல்ல பாடத்துக்கு. உயர்தரத்தில் பௌதிகவியலோ இணைந்த கணிதமோ எடுக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

பாடங்களைச் சேர்ப்பது எப்படி என்பதற்கும் நம் கண்முன்னே முன்மாதிரி உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 2004 டிசம்பர் 26-இல் கடல் ஊருக்குள் வந்தபோது இந்தக் கரையோரத்து வீடுகளில் இருந்த கொப்பிகள், சான்றிதழ்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் போயின. அதற்கடுத்த மாதங்களில், 2005-இல், கோபிநாத், மயூரன் என்ற இரண்டு இளைஞர்களின் முயற்சியில் நூலகம் என்ற இணையத்தளம் தொடங்கியது. இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், நினைவு மலர்கள் என்று பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். உரிமை உள்ளவர்களிடம் அனுமதி கேட்டு, பெயர், ஆண்டு, பதிப்பாளர் என்று விவரம் எழுதி, தன்னார்வலர்கள் செய்த வேலை அது. கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் அச்சான எத்தனையோ சிறு பிரசுரங்களை வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளை ஒருவர் இன்று வாசிக்கிறார். அவற்றின் அச்சுப் பிரதியை ஊரில் தேடினால் கிடைக்காது.

சட்டத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, எழுதியவர் இறந்து 70 வருடம் வரை பதிப்புரிமை தொடரும். அதாவது ஆசிரியர் எதுவும் எழுதி வைக்காமல் போனால் அவருடைய குறிப்புகளின் உரிமை மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று பங்கு பங்காகப் பிரிந்துகொண்டே போகும். பிறகு யாராவது நல்லெண்ணத்தோடு வெளியிட வந்தால், சவூதியில் ஒருவர், லண்டனில் ஒருவர் என்று எத்தனை பேரிடம் சம்மதம் வாங்குவார்? உயிரோடு இருக்கும்போது ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அதே சட்டத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே சேரும் என்றும் இருக்கிறது. அரச பள்ளிக்கூடத்து ஆசிரியர் தன் பாடத்தைத் திறந்துவிடும்போது, நாளைக்கு யாரும் வந்து உனக்கு இதைக் கொடுக்க அதிகாரம் இல்லை என்று சொல்லக்கூடாது. ஆசிரியர்கள் ஆக்கும் கற்பித்தல் பொருட்களைப் பெயரோடு திறந்த உரிமத்தில் வெளியிடலாம் என்று அமைச்சு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும். பாடநூலின் முதற் பக்கத்து வரியையும் அந்தச் சுற்றறிக்கையோடு சேர்த்து மாற்றிவிடலாம்.

சுற்றறிக்கை வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலையும் தேசிய கல்வியியற் கல்லூரியும் இருக்கின்றன, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. எல்லாம் அக்கரைப்பற்றுக்குப் பக்கம். ஆசிரியப் பயிற்சி பெறுபவர்கள் கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் இரவிரவாக விழித்திருந்து பாடத்திட்டங்களையும் அட்டைகளையும் வினாக்களையும் தயாரிக்கிறார்கள். மதிப்பிட்டுப் புள்ளி போட்டதோடு அவற்றின் ஆயுள் முடிகிறது. ஒவ்வொருவரும் தனது மிகச் சிறந்த ஒரு பாடத்தை மட்டும், தன் பெயரும் ஊரும் எழுதி, யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம், பெயரைச் சொல்ல வேண்டும், திருத்தியதையும் இதேபோல் விடவேண்டும் என்று கீழே குறித்துக் கொடுக்கட்டும். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வரிவரியாகப் பார்த்துப் பிழை நீக்கித் தன் பெயரையும் போடட்டும். விஞ்ஞானமும் கணிதமும் முதலில் வரட்டும், ஏனென்றால் கைவிடப்பட்ட பிள்ளைகள் அங்கேதான் அதிகம். ஆலையடிவேம்பிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கும் ஆசிரியர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மொழியில், ஒரே நாளில், ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகிறார்கள். பத்தாம் தர விஞ்ஞானத்தில் ஓர் அலகை இந்தத் தவணை விடுமுறையிலேயே முடிக்கலாம்.